குறிகட்டுவானில் கைமாறிய பிள்ளை

வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் வந்து இறங்கும் ஓகஸ்ட் மாதங்களில் எங்கள் வீட்டின் சுற்றுலா அலுவலகம் நான்தான். வேலையில் நான் தொழில்நுட்ப உத்தியோகத்தர். நீர் வழங்கல் குழாய்களுக்கு எத்தனை வளைவு, எத்தனை மூட்டு என்று எழுதிப் பழகிய கை கடற்கரைகளையும் அப்படியே எழுதி வைத்திருந்தது. கைத்தொலைபேசியில் ஓர் அட்டவணை. இடத்தின் பெயர், கொக்குவிலில் இருந்து வான் வண்டியில் எத்தனை நிமிடம், நிழல் உண்டா, கழிப்பறை எப்படி, பிள்ளைகள் கடலுக்குள் எவ்வளவு தூரம் நடக்கலாம், பக்கத்தில் ஐஸ்கிறீம் கிடைக்குமா.

காரைநகர் கசூரினா கடற்கரைக்கு முதல் இடம் கொடுத்திருந்தேன். நெடுந்தூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது, சவுக்கு நிழலும் உண்டு. கீரிமலையில் பெண்களுக்குத் தனிக் கேணி, ஆனால் படி வழுக்கும், சின்னப் பிள்ளை என்றால் ஒருவர் படியிலேயே நிற்க வேண்டும். மணற்காட்டு மணல் மேடுகளில் காலை ஒன்பது மணிக்குப் பிறகு கால் சுடும். நிலாவரைக் கிணறு பத்து நிமிடத்தில் பிள்ளைகளுக்கு அலுத்துவிடும். கடைசி நிரலுக்குத் தலைப்பு ‘கவனம்’. நெடுந்தீவுக்கு நேரே அதில் நான் எழுதியிருந்தது இவ்வளவுதான்: வெயில், தொப்பி, தண்ணீர் ஆறு போத்தல்.

இரண்டு வருடத்துக்கு முன்பு அக்கா பாரிசில் இருந்து வந்தாள். ஏழு வருடத்துக்குப் பிறகு முதல் தடவை. அத்தானும் வந்தார், ஒன்பது வயது மகனும் ஐந்து வயது மகளும் வந்தார்கள். மகளை நான் தொலைபேசித் திரையில் மட்டுமே பார்த்திருந்தேன். தமிழ் விளங்கும். யோசித்து யோசித்துப் பேசுவாள். அவசரம் வந்தால் பிரெஞ்சு. வந்த இரண்டாம் நாளே தலையணையைத் தூக்கிக் கொண்டு என் கட்டிலுக்கு வந்துவிட்டாள். அதன் பிறகு அவளுக்குச் சீப்பால் தலை இழுப்பதும் சப்பாத்து மாட்டுவதும் என் வேலை. “எனக்கு லீவு கிடைச்சிட்டுது” என்று அக்கா அம்மாவிடம் சொல்லிச் சிரித்தாள்.

கசூரினாவில் நான் மணிக்கூட்டைப் பார்த்தபடி எல்லாரையும் கரையேறச் சொன்னபோது அத்தான் தண்ணீரில் இருந்தே கேட்டார்:

“மச்சாள், உதிலை எத்தினை நிமிஷம் சிரிக்கலாமெண்டும் போட்டிருக்கிறீரோ?”

“ஓம் அத்தான். நீங்கள் ஏற்கெனவே கூடச் சிரிச்சிட்டியள்.”

நெடுந்தீவு அடுத்த நாள். கட்டாக்காலியாய்த் திரியும் குதிரைகள், பெருக்கு மரம், முருகைக்கல் அடுக்கிய வேலிகள் என்று ஒரு முழு நாளுக்கான திட்டம். காலை ஆறு மணிக்கு வான் வந்தது. பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை தாண்டி, புங்குடுதீவின் அந்தம் வரை போனால் குறிகட்டுவான் இறங்குதுறை. ஏழரைக்கு அங்கே நின்றோம். அட்டவணைப்படி பத்து நிமிடம் முந்தி.

துறையில் அன்றைக்கு இரண்டு படகுகள் பக்கம் பக்கமாகக் கட்டிக் கிடந்தன. துறையை ஒட்டி நின்றது நயினாதீவுப் படகு. அதற்கு அப்பால், அதோடு சேர்த்துக் கட்டியிருந்தது எங்களுடைய நெடுந்தீவுப் படகு. நெடுந்தீவு போகிறவர்கள் முதல் படகில் ஏறி, அதைக் குறுக்கே கடந்து, இரண்டாவதில் கால் வைக்க வேண்டும். நயினாதீவு அம்மன் கோயிலில் ஏதோ விசேட பூசை. முதல் படகு முழுக்கப் பட்டுச் சேலையும் பூத்தட்டும். இரண்டு படகுகளுக்கும் நடுவில் பழைய டயர்கள் தொங்கின. சோளகக் காற்றுக் காலம். அலை வரும்போது படகுகள் விலகும், ஒரு முழ அகலத்துக்குக் கறுத்த தண்ணீர் தெரியும், பிறகு டயர்கள் நசுங்க ஒன்றோடொன்று முட்டும்.

இந்த இடத்தில் எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நெரிசலான பஸ்ஸில் இருக்கை கிடைத்தவர், நிற்பவரின் பையை வாங்கித் தன் மடியில் வைப்பார். பிள்ளையையும் அப்படித்தான். யார், எவர் என்று கேட்பதில்லை. “தாங்கோ, நான் வைச்சிருக்கிறன்” என்பதோடு சரி. நானும் சின்ன வயதில் முன்பின் தெரியாத எத்தனையோ பேரின் மடியில் இருந்து போயிருக்கிறேன். இறங்கும் இடம் வந்தால் அம்மாவின் கை பின்னாலிருந்து வந்து தூக்கும். தீவுப் படகுகளில் அது இன்னும் ஒரு படி மேல். ஏறும்போதே பிள்ளைகளைக் கைக்குக் கை கொடுத்து விடுவார்கள், சாக்குகளைக் கொடுப்பதைப் போல. அதில் பிழை நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அத்தான் மகனைக் கையில் பிடித்துக் கொண்டு முதலில் ஏறினார். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். அக்கா மகளின் கையை என் கைக்குள் வைத்தாள்.

“நான் அம்மாவை ஏத்திறன். நீ இவளைக் கொண்டு வா.”

எனக்கு ஒரு தோளில் சாப்பாட்டுப் பை, மறு தோளில் தண்ணீர்ப் பை. பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். “ஏறும் பிள்ளை, கெதியா ஏறும், படம் பாக்கவே வந்தனீர்?” என்று யாரோ சொன்னார். முதல் படகில் நின்ற மனிதர் ஒருவர் கைகளை நீட்டினார்.

“பிள்ளையைத் தாங்கோ.”

கொடுத்தேன். அவர் அவளைத் தூக்கித் திரும்பி, அரக்குப் பட்டுச் சேலை கட்டிய ஒரு பெண்ணின் கையில் கொடுத்தார். அவள் அந்தப் பெண்ணின் தோளுக்கு மேலாக என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்துத் தண்ணீர்ப் பையின் வார் துறையில் நின்ற இரும்புக் கட்டையில் கொளுவிக் கொண்டது. நான் குனிந்து அதை எடுத்தேன். நிமிர்ந்தபோது முன்னால் வெறும் முதுகுகள். அடுத்த கை அக்காவின் கைதான் என்று எண்ணிக் கொண்டு ஏறினேன், கடந்தேன், நடுவில் இருந்த இடைவெளியைப் பார்க்காமல் தாண்டினேன்.

எங்கள் படகில் எல்லாருக்கும் செம்மஞ்சள் நிறப் பாதுகாப்பு அங்கி கொடுத்தார்கள். உள்ளே இருட்டு, புழுக்கம், டீசல் மணம். அத்தானும் மகனும் பின்னால் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருந்தார்கள். அக்காவுக்குத் தலைச்சுற்று. காற்றுப் படும் ஓரத்தில் முகத்தை வெளியே நீட்டிக் கொண்டிருந்தாள். அம்மா நடுவில் இருந்த வாங்குப் பலகையில். அவளின் மடியில் துவாயால் தலையை மூடிய சின்னச் செம்மஞ்சள் பொட்டலம். நான் படியடியில் பையின் மேல் இருந்து எண்ணினேன். அம்மா, மடியில் ஒன்று, அக்கா, அத்தான், மகன், நான். ஆறு. ‘7.50, ஏறியாச்சு, ஆறு பேர்’ என்று எழுதினேன். படகு புறப்பட்டது.

கால் மணித்தியாலம் இருக்கும். முன்பக்கத்தில் நின்றிருந்த ஓர் இளம் பெண் ஆட்களைப் பிடித்துப் பிடித்து அம்மாவிடம் வந்தாள்.

“தாங்கோ அம்மா. இவன் பாரம், உங்களுக்குக் கால் விறைச்சிருக்கும்.”

அம்மா மடியில் இருந்ததைத் தூக்கிக் கொடுத்தாள். துவாய் விலகியது. மூன்று வயதுப் பொடியன், கன்னத்தில் கறுத்த பொட்டு, வாயோரம் வீணீர். அம்மா தொடையைத் தடவிக் கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“எங்கடை ராசாத்தி எங்கை, உன்னோடையோ?”

ஆறு என்று எழுதிய திரை கையில் இருந்தது. அந்த எண்ணை மறுபடி படித்தேன். காது அடைத்துக் கொண்டது, கிணற்றுக்குள் இறங்கினால் அடைப்பதைப் போல. அம்மாவின் வாய் அசைவது தெரிந்தது. எழும்பி அக்காவிடம் போனேன். அவளின் இரண்டு பக்கமும் பார்த்தேன். அக்கா முகத்தைத் திருப்பி, “என்னடி?” என்றாள். பிறகு என் கைகளைப் பார்த்தாள். வெறுங்கைகள்.

“எங்கை அவள்?”

“உன்னட்டை வரேல்லையோ?”

“என்னட்டையோ? உன்னட்டைத்தானே தந்தனான்.”

அந்தப் படகில் ஒரு பிள்ளை இருக்கக் கூடிய இடங்கள் நான்கு: வாங்குகளுக்குக் கீழே, மேல்தட்டில், இயந்திர அறையில், சாக்குகள் அடுக்கிய முன்முனையில். நான்கையும் பார்த்தேன். ஆட்களின் கால்களுக்கு இடையில் தவழ்ந்து பார்த்தேன். வாழைக்குலை, சீமெந்துப் பை, ஒரு கோழிக்கூடு. அத்தான் வந்து என் தோளைப் பிடித்து எழுப்பினார். மெல்லிய குரலில்தான் கேட்டார்.

“மச்சாள், கடைசியா எங்கை கண்டனீர்?”

“மற்றப் படகிலை. ஒரு மனிசன் வாங்கி, ஒரு அக்காட்டைக் குடுத்தவர்.”

“பேந்து? அதுக்குப் பிறகு?”

“பேந்து காணேல்லை.”

“காணேல்லையோ?” அக்கா கத்தினாள். “காணேல்லையெண்டு சொல்ல அவள் என்ன குடையோ? நடுவிலை தண்ணியெடி! ரெண்டு வள்ளத்துக்கும் நடுவிலை தண்ணி!”

நான் நினைக்காமல் பிடித்து வைத்திருந்ததை அவள் சொல்லிவிட்டாள். படகில் இருந்த எல்லாரும் எழும்பினார்கள். படகு ஒரு பக்கம் சரிந்தது. ஓட்டி இயந்திரத்தைக் குறைத்து, “இருங்கோ! எல்லாரும் இருங்கோ! இப்ப முழுப் பேரையும் தாட்டுப் போடுவியள்” என்று கத்தினார். விசயத்தைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. நயினாதீவுப் படகின் ஓட்டிக்கு அழைப்பு எடுத்தார். மணி போனது, எடுக்கவில்லை. மறுபடியும் எடுத்தார். இயந்திரச் சத்தத்தில் அவருக்குக் கேட்காது என்றார். துறையில் நிற்கும் பொறுப்பாளருக்கு எடுத்தார். அவர் எடுத்தார். “பிள்ளை ஒண்டு… பொம்பிளைப் பிள்ளை… அஞ்சு வயது… ஓம், ரெண்டு வள்ளமும் நிண்ட இடத்தைப் பார்… ஓம், தண்ணிக்கைதான்” என்று ஓட்டி சொல்வதை அக்கா கேட்டுக் கொண்டு நின்றாள்.

“என்ன செய்யிறது?” என்று ஓட்டி பொதுவாகக் கேட்டார். “அரைவாசிக்கு வந்திட்டம்.”

நெடுந்தீவில் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர் முன்வாங்கில் இருந்தார். கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக் கொண்டு சொன்னார்:

“இதென்ன கேள்வி தம்பி? நான் லேட்டெண்டு அதிபர் வரவுப் புத்தகத்திலை சிவப்பாலை கோடு கீறட்டும். திருப்பும்.”

“ஓம், திருப்பும், திருப்பும்” என்று நாலா பக்கமும் குரல் வந்தது. படகு திரும்பியது. இப்போது காற்று எதிரே. ஒவ்வொரு அலைக்கும் முன்பகுதி எழும்பி விழுந்தது. போனதைவிட மெதுவாகத்தான் வந்தோம்.

நான் படியில் நின்று மனதுக்குள் எழுதினேன். ஒன்று, நயினாதீவுப் படகில் இருக்கிறாள். இரண்டு, துறையில் நிற்கிறாள். மூன்று என்று தொடங்கி நிறுத்தினேன். ஒன்றில் இருந்து மறுபடி தொடங்கினேன். மூன்றாவது தானாகவே வந்து நின்றது. டயர்கள் நசுங்கும் சத்தத்தோடு வந்தது. அந்த இடைவெளியை நான் பார்க்காமல் தாண்டினேன். பார்த்திருந்தால் ஏதாவது தெரிந்திருக்குமா? ஏதும் விழுந்த சத்தம் கேட்டதா? வாரை இழுத்துக் கொண்டிருந்தபோது ஒரு சத்தம் கேட்டதாக எனக்குத் தோன்றத் தொடங்கியது. அது உண்மையில் கேட்டதா, இப்போது நான் உண்டாக்குகிறேனா என்று பிரிக்க முடியவில்லை. கடலில் வெள்ளையாக நுரைத்த ஒவ்வொன்றையும் பார்த்தேன். பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

பின்னால் ஒரு கிழவர் பக்கத்தில் இருந்தவரிடம், “போன மாரிக்கும் இப்பிடித்தான் ஒரு பொடியன்…” என்று தொடங்கினார்.

“ஐயா, வாயை மூடுங்கோ” என்றார் ஆசிரியை, திரும்பிப் பார்க்காமலே. அவரின் ஒரு கை அக்காவின் முதுகில் இருந்தது.

துறை கிட்ட வந்தபோது, நாங்கள் ஏறிய இடத்தில் கூட்டம் நின்றது. நயினாதீவுப் படகு போய்விட்டிருந்தது. அது நின்ற இடத்தில் இரண்டு மீன்பிடிகாரர் தண்ணீருக்குள். ஒருவர் தலையை வெளியே எடுத்து மூச்சு வாங்கி மறுபடி மூழ்கினார். துறையில் நின்றவர் எங்களிடம் ஓடி வந்தார்.

“நீங்கள் சொன்ன உடனை இவையளை இறக்கினனான். இன்னும் ஒண்டும் தட்டுப்படேல்லை. துறையிலும் தனிப் பிள்ளை ஒண்டும் நிக்கேல்லை. என்ன சட்டை போட்டிருந்தது?”

அதை நான்தான் மாட்டிவிட்டேன். பின்னால் மூன்று பொத்தான் என்பது ஞாபகம் இருந்தது. நிறம் வரவில்லை. அக்கா “மஞ்சள்” என்றாள். அம்மா “பச்சையெல்லோ” என்றாள். காலையில் வானுக்குள் எடுத்த படத்தைத் திறந்தேன். மஞ்சள் சட்டை, பச்சைக் கழுத்துப் பட்டி. பற்கள் எல்லாம் தெரியச் சிரித்துக் கொண்டிருந்தாள். தொலைபேசியை அவரிடம் நீட்டினேன். அவர் அதிக நேரம் பார்க்கவில்லை.

அப்போது மூழ்கியிருந்தவர் மேலே வந்து கையை உயர்த்தினார். கையில் ஒரு சின்னச் சப்பாத்து. ரோசா நிறம்.

அக்காவின் வாயில் இருந்து வந்த சத்தத்தை நான் எழுத முயலவில்லை. எங்கள் பிள்ளையும் ரோசா நிறச் சப்பாத்துத்தான் போட்டிருந்தாள். அத்தான் படிகளில் இறங்கி, கால் நனைய நின்று, அதை வாங்கினார். திருப்பிப் பார்த்தார். விரலால் அடிப்பக்கத்தைச் சுரண்டினார்.

“பாசி” என்றார். “பாசி பிடிச்சிருக்கு. பழசு. இது பழசு.” மூன்று தரம் சொன்னார். சப்பாத்தைத் தண்ணீரில் எறியாமல் படியில் பக்குவமாக வைத்தார், யாரோ தேடி வருவார்கள் என்பதைப் போல.

அந்த நேரம் நயினாதீவுப் படகின் ஓட்டி திருப்பி அழைத்தார். துறையில் நின்றவர் ஒலிபெருக்கியில் போட்டார்.

“நான் ஆக்களை இறக்கிப் போட்டன் அண்ணை. சனம் எல்லாம் கோயிலுக்குப் போட்டுது. தனியப் பிள்ளை ஒண்டும் நிண்டதாத் தெரியேல்லை. அழுத சத்தமும் கேக்கேல்லை.”

முதலாவது சாத்தியத்தை அந்தக் குரல் பாதி அழித்துவிட்டது. அழிக்கவில்லை, தனியே நிற்கவில்லை என்றுதானே சொன்னார், யாருடனாவது நின்றிருக்கலாமே என்று எனக்கு நானே வாதாடினேன். வாதம் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் மூழ்குபவர்களையே பார்த்துக் கொண்டு நின்றேன்.

“அடுத்த படகிலை போவம்” என்றேன். “போய்ப் பாப்பம்.”

அத்தான் சேர்ட்டைக் கழற்றி, மடித்து, கைத்தொலைபேசியை அதன் மேல் வைத்து, இரண்டையும் அம்மாவின் கையில் கொடுத்தார். மகனை அம்மாவின் பக்கத்தில் இருத்தினார்.

“நீங்கள் ரெண்டு பேரும் போங்கோ. நான் இஞ்சை நிக்கிறன்.”

அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் விளங்கியது. அக்கா அவரைப் பார்க்காமல் படகில் ஏறினாள். நாங்கள் புறப்படும்போது அவர் நெஞ்சளவு தண்ணீரில் நின்று, கால்களால் அடியைத் தடவித் தடவி நடந்து கொண்டிருந்தார்.

நயினாதீவுக்குக் கால் மணித்தியாலம்தான். அக்கா என்னோடு சேர்ந்து இருக்கவில்லை. எதிர் வாங்கில் இருந்தாள். வெள்ளிக்கிழமை விரதக்காரர் இருவர் தேவாரம் பாடினார்கள். நான் நேர்த்தி வைக்கப் பார்த்தேன். என்ன கொடுப்பேன் என்று சொல்ல வேண்டுமே, அது ஒன்றும் வாயில் வரவில்லை. அவள் இல்லாவிட்டால் இந்த அக்காவின் முகத்துக்கு முன்னால் எப்படி இருப்பேன் என்பதுதான் வந்தது. இப்படி என்னைப் பற்றி யோசிக்கிறேனே என்று அதற்கும் பயந்தேன்.

தீவு கிட்ட வரும்போது கோயில் ஒலிபெருக்கி கேட்கத் தொடங்கியது. நாதஸ்வரம் நின்று, ஓர் ஆண் குரல். காற்று அதைக் கிழித்துக் கிழித்துக் கொண்டு வந்தது. “…பிள்ளை…” என்று ஒரு தடவை. பிறகு ஒன்றும் இல்லை. “…உடனடியாக…” என்று ஒரு தடவை. அக்கா எழும்பி நின்றாள். நானும் எழும்பினேன். “ஓட்டி அண்ணை, இயந்திரத்தை நிப்பாட்டுங்கோ” என்று கத்தினேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுக் குறைத்தார்.

“…ஐந்து வயது மதிக்கத்தக்க பெண் பிள்ளை, மஞ்சள் சட்டை, வேறு பாசை பேசுகிறது. தாய் தகப்பன் உடனடியாகக் கோயில் அலுவலகத்துக்கு வரவும்.”

அக்கா அப்படியே படகின் தரையில் இருந்துவிட்டாள். விரதக்காரப் பெண்கள் பாட்டை நிறுத்தினார்கள். நான் அம்மாவுக்கு அழைப்பு எடுத்து, “இருக்கிறாள். நயினாதீவிலை. அத்தானுக்குச் சொல்லுங்கோ” என்றேன். மறுபக்கம் தொலைபேசி எதிலோ விழுந்த சத்தம் கேட்டது.

துறையில் இருந்து கோயில் வரை ஓடினோம். அலுவலக வாசலில், நிழலில், அரக்குப் பட்டுச் சேலைக்காரி காலை நீட்டி இருந்தா. அவவின் மடியில் எங்கள் பிள்ளை, நெற்றியில் திருநீறு, கையில் பாதி வாழைப்பழம். அழுத அடையாளம் இல்லை. அக்கா அவளைப் பறித்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். பழம் மண்ணில் விழுந்தது.

அந்தப் பெண் பண்டத்தரிப்பில் இருந்து குடும்பத்தோடு வந்தவ. எழும்பி நின்று, அக்காவை விட்டு என்னைப் பிடித்தா.

“நீர்தானே துறையிலை குடுத்தனீர்? என்ன சனமப்பா நீங்கள்! குடுத்திட்டுத் திரும்பியும் பாக்கேல்லை. பின்னாலை வாறியள் எண்டு மடியிலை வைச்சுக் கொண்டு வந்தன். இறங்கினாப் பிறகும் ஆரும் கேக்கேல்லை. சரி, தாய் முன்னாலை கோயிலுக்குப் போட்டாளாக்கும் எண்டு தூக்கிக் கொண்டு இஞ்சை வந்து, ஒவ்வொரு பொம்பிளையாய்க் கேட்டுக் களைச்சுப் போனன். எங்கடை பூசையும் முடிஞ்சுது.”

“மன்னிச்சுக் கொள்ளுங்கோ அக்கா” என்றேன். “நான்… எங்கடை படகுக்கு அனுப்புவியள் எண்டு…”

“எந்தப் படகெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? நெத்தியிலை எழுதியோ விட்டனீர்?” பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினா. “சரி, சரி. அழாதையும். நல்ல பிள்ளை. ஒரு சத்தமில்லை. அதுதான் எனக்கும் பிடிபடேல்லை, தாயை விட்டிட்டு ஒரு பிள்ளை இப்பிடிப் பேசாமல் இருக்குமோ?”

அக்கா மகளின் முகத்தைக் கையில் ஏந்தி, “ஏனம்மா அழேல்லை? ஏன் அம்மாவெண்டு கூப்பிடேல்லை?” என்று கேட்டாள்.

அவள் யோசித்தாள். சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துத் தமிழில் சொன்னாள்.

“சித்தி என்னை இவைக்குக் குடுத்திட்டா.”

கொடுத்துவிட்டேன், இனி அவர்களோடுதான் என்று ஐந்து வயதில் அவள் முடிவு செய்திருக்கிறாள். கொடுக்கப்பட்ட பிள்ளை அழக்கூடாது என்று எங்கே படித்தாளோ. நான் கிட்டப் போய் அவளின் காலைத் தொட்டேன். சப்பாத்தோடு காலை இழுத்துக் கொண்டாள். அடிக்கவில்லை, கத்தவில்லை. இழுத்துக் கொண்டு, முகத்தை அக்காவின் கழுத்துக்குள் வைத்தாள். அன்றைக்குக் காலையில் இருந்து பயந்தது எல்லாம் ஒரு வகை. இது வேறு வகை. இதற்கு ஓடிப் போய்ப் பார்க்க இடமில்லை.

திரும்பும் படகில் அக்கா அவளைச் சேலை முந்தானையால் தன்னோடு சுற்றிக் கொண்டு இருந்தாள். யாரோ பழக்கதோசத்தில் கையை நீட்டினார்கள். அக்கா தலையை ஆட்டினாள். என்னிடம் பேசினாள், ஆனால் தண்ணீர்ப் போத்தல் கேட்க மட்டும்.

குறிகட்டுவானில் மீன்பிடிகாரர் கரையேறிப் பீடி குடித்துக் கொண்டிருந்தார்கள். அத்தான் இன்னும் தண்ணீரில் நின்றார். அம்மா படியில் நின்று எங்களைக் கண்டதும் கத்தினாள்:

“சொல்லிக் களைச்சுப் போனன், கேக்கிறாரில்லை! கிடைச்சிட்டுது, ஏறுங்கோ எண்டால், பாத்திட்டு ஏறுறன் எண்டு நிக்கிறார். பாருமன் உதடு நீலம் பாரிச்சிருக்கு!”

அக்கா படகின் ஓரத்துக்கு வந்து முந்தானையை விலக்கிக் காட்டினாள். அவர் பார்த்தார். கூடுதலாக ஏதோ ஒன்றைச் சரி பார்ப்பதைப் போலப் பார்த்தார். அதன் பிறகுதான் படியில் ஏறினார். கால்களில் மட்டி ஓடு வெட்டிய இரத்தம். சேர்ட்டால் நெஞ்சையும் கைகளையும் துடைத்து, காய்ந்ததா என்று தடவிப் பார்த்துவிட்டு மகளை வாங்கினார்.

அவள் அவரின் காதடியில் பிரெஞ்சில் நீளமாகப் பேசத் தொடங்கினாள். தமிழில் ஒரு வரியாகச் சொன்னதற்கு அந்தப் பாசையில் அவளிடம் எத்தனையோ வரிகள் இருந்தன. இடையில் ஒரு தரம் கையை நீட்டி என்னைக் காட்டினாள். அத்தான் அவளின் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தார். எனக்கு அந்தப் பாசையில் ஒரு சொல்லும் தெரியாது. அவர் காதில் என்ன விழுகிறது என்பது மட்டும் முழுவதும் தெரிந்தது. தண்ணீர்ப் பையின் வாரைப் பிடித்துக் கொண்டு நின்றேன்.

அவள் முடித்தாள். அவர் அவளின் முதுகைத் தட்டினார்.

“என்னவாம் அத்தான்?” என்று கேட்டேன்.

“ஒண்டுமில்லை மச்சாள்” என்றார். “பசிக்குதாம்.”